கரண்ட் போன நேரம்

ஆல்ட்ரிக் காசிச்செட்டி,
உன்னை இன்று மாதம்பிட்டியில் விட்டுவிட்டு வந்தோம்.
மழை வரும் வரும் என்று வராமலே போனது.
உன் பெட்டியைவிட உன் ஆம்ப்தான் கனம் என்று
தூக்கியவர்கள் முணுமுணுத்தார்கள்.
உனக்குப் பிடித்திருக்கும்.

எல்லாரும் அந்த இரவைத்தான் பேசினார்கள்.
தொண்ணூற்றாறு. நீர்த்தேக்கங்கள் வற்றி
நகரம் முறைவைத்து இருண்ட வருடம்.
கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்,
துறைமுக வாசல் பலகையிலிருந்து
பெயரைக் களவெடுத்த உங்கள் 'டெட் ஸ்லோ'.
நாலாவது பாட்டின் நடுவில்
ஒற்றைக் கம்பியை நீ மேலே மேலே வளைக்க,
அது அழப்போகிறதா சிரிக்கப்போகிறதா என்று
நாங்கள் வாய்பிளந்து நின்ற கணத்தில்
கரண்ட் போனது.

நீ நிறுத்தவில்லை.
இதுதான் கதை.
ஆம்ப் செத்த பிறகும் இருட்டுக்குள்
வெறுங் கம்பியில் வாசித்தாய்,
அறுநூறு பேர் மூச்சடக்கிக் கேட்டார்கள்.
இன்று மயானத்தில் அந்த அறுநூறு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.
பத்து நிமிடம் என்றார் ஒருவர்.
உன் பழைய ட்ரம்மர் பொன்சோ
அரை மணி என்று மூக்கைச் சிந்தினார்.

நானும் அங்கே இருந்தேன்.
கேட்டேன் என்று மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன்,
ஸ்காபரோவில் இருக்கும் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்,
பல்லுப் பிடுங்கிய டொக்டருக்குக்கூட.
பொய்.

கழிவறைக் கதவோரம் நின்றவன் நான்.
எனக்குக் கேட்டது
தாங்கியில் தண்ணீர் சொட்டும் சத்தமும்
என் நெஞ்சும்.
இருட்டானால் சுற்றிவளைப்பு என்று
உடம்பு பழகியிருந்தது.
சட்டைப் பைக்குள் பொலிஸ் பதிவுத் துண்டு
இருக்கிறதா இருக்கிறதா என்று
தடவித் தடவியே அந்தப் பத்து நிமிடமும்,
அல்லது அரை மணியும், போனது.
செட்டியார் தெரு லொட்ஜில் அறைக்கு ஆறு பேர்.
ஊர்ப் பெயரை வாய்க்குள் மடித்து வைத்திருந்த
இருபத்திரண்டு வயது.

வெளிச்சம் வந்தது.
எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.
இந்த நகரத்தில்
எல்லாரும் செய்ததை நானும் செய்தது
அன்றைக்குத்தான்.
உள்ளங்கை சிவந்து எரிந்தது.
சாவடியில் துண்டை நீட்டும்போதும்
எரிந்துகொண்டிருந்தது.

பிறகு உன்னைக் கண்டது பதினைந்து வருடம் கழித்து,
155 பஸ்ஸில்.
கிற்றாருக்கும் ஒரு டிக்கட் எடுத்து
யன்னல் பக்கம் இருத்தியிருந்தாய்.
கலியாண ஹோட்டல்களில் பைலா வாசிக்கிறேன்,
சாப்பாடு கட்டித் தருவார்கள் என்றாய்.
நீ வெட்கப்படவில்லை. நான்தான்
வெளியே பார்த்தேன்.

ஆமர் வீதி நெரிசலில் கேட்டேன்:
அண்டைக்கு இருட்டுக்குள்ள என்ன வாசிச்சனீங்கள்?

"வாசிக்கவா? கம்பி அறுந்துபோச்சு மகன்.
அந்தக் காலம் கம்பி எங்க கிடைக்குது?
சிங்கப்பூர்ல இருந்து யாராச்சும் கொண்டாரணும்.
அறுந்திடும்னு பயத்தில
அரைச் சுரம் இறக்கித்தான் வெச்சிருப்பேன்.
அப்பிடியும் அறுந்துச்சு.
இருட்டுல தடவித் தடவிப் புதுசு மாட்டி
சுருதி கூட்டிக்கிட்டு இருந்தேன்.
லைட் வந்ததும் ஏன் எல்லாரும் தட்டுனீங்க?
இன்னும் விளங்கல்ல."

சிரித்துக்கொண்டே மருதானையில் இறங்கினாய்.
கிற்றாரின் டிக்கட் என் காலடியில் கிடந்தது.
எடுத்து வைத்திருக்கிறேன்.
எதற்கென்று கேட்காதே.

இன்று குழியருகே
உன் மருமகன் டெரில் ஜெனரேட்டர் பிடித்திருந்தான்.
இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் கிற்றாரைக் கிடத்தி
வயரையும் செருகிவிட்டான்.
யாராவது வாசிப்பார்கள் என்று நினைத்திருக்கிறான்.
யாருக்கும் கை வரவில்லை.
ஆம்ப் மட்டும் ம்ம்ம் என்றது,
பாதர் செபத்தை முடித்த பிறகும்,
மண் விழுந்த பிறகும்,
கறுப்புக் குடைகள் வாசலுக்குத் திரும்பிய பிறகும்.

டெரில் அணைக்கக் குனிந்தான்.
கொஞ்சம் பொறு தம்பி, என்றேன்.
ஏன் அங்கிள்?

சொல்லவில்லை.
இந்த முறை பக்கத்திலேயே நின்றேன்,
பையில் கை வைக்காமல்.

ஜெனரேட்டர்காரன்
மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தான்.